புரோக்ரெசிவ் ராக் கேட்கத் தொடங்குவது எப்படி: இணையத்தில் தேடுகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

புரோக்ரெசிவ் ராக், சுருக்கமாக ப்ராக், என்று தேடினால் இணையம் அள்ளிக் கொட்டிவிடும். கட்டாயம் கேட்க வேண்டிய நூறு ஆல்பங்கள், யாரும் கவனிக்காத ஐம்பது குழுக்கள், எட்டு மணி நேர பிளேலிஸ்ட் என்று வந்துகொண்டே இருக்கும். அரை மணி நேரத்தில் பதினைந்து குழுக்களை ஆளுக்கு ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "இதில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று மூடிவைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள்மேல் குற்றமில்லை. 18 நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரு பாட்டின் முதல் நிமிடத்தில் பறவைச் சத்தம் மட்டும்தான் இருக்கும் என்றால், அதைத் தொட்டுப் பார்த்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?

அதனால் இங்கே சொல்லப்போகும் வழி கொஞ்சம் மெதுவானது. குறைவாகக் கேளுங்கள், எடுத்ததை முழுதாகக் கேளுங்கள். அப்புறம் பட்டியல்களை விட்டுவிட்டு, வாசித்தவர்களின் பெயரைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஆல்பத்துக்குப் போங்கள்.

வரலாறு சுருக்கமாக இவ்வளவுதான். 1967 வாக்கில் இங்கிலாந்தின் ராக் இசைக்கலைஞர்கள் மூன்று நிமிடப் பாட்டு போதாது என்று நினைக்கத் தொடங்கினார்கள். மேற்கத்திய செவ்வியல், ஜாஸ், நாட்டுப்புற இசை எல்லாவற்றையும் ராக்குக்குள் கொண்டுவந்தார்கள். மூடி ப்ளூஸ் அந்த ஆண்டே ஆர்க்கெஸ்ட்ராவுடன் ஒரு ஆல்பம் செய்தது. 1969 அக்டோபரில் கிங் கிரிம்சனின் முதல் ஆல்பம் 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்' வந்தபோது, இது தனி வகை என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. 1971 முதல் 1975 வரை அதன் பொற்காலம். யெஸ், ஜெனிசிஸ், பிங்க் ஃபிளாய்ட், ஜெத்ரோ டல், எமர்சன் லேக் அண்ட் பாமர் ஆகியோரின் பெரிய ஆல்பங்களில் பெரும்பாலானவை அந்த ஐந்து ஆண்டுகளில் வந்தவை. மீதி வரலாறு கேட்கக் கேட்கத் தானாக வந்து சேரும்.

முதல் படி: ஆப்பைச் சரிசெய்யுங்கள்

இது சின்ன வேலை, ஆனால் பலர் செய்வதில்லை. ஸ்ட்ரீமிங் ஆப்புகள் தனித்தனிப் பாட்டு கேட்கிறவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. நமக்கு வேண்டியது ஆல்பம்.

ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ஒரு பாட்டின் முடிவும் அடுத்ததின் தொடக்கமும் ஒன்றன்மேல் ஒன்று கலக்கும்படி செய்யும் கிராஸ்ஃபேட் வசதி இருந்தால் அதையும் அணையுங்கள். இடைவெளி இல்லாமல் தொடர்ந்து ஓடவைக்கும் கேப்லெஸ் வசதியை மட்டும் போட்டுவையுங்கள். பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தில் பாட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்று வழிந்து போகும். நடுவில் அரை வினாடி மௌனம் விழுந்தாலும் அது காதில் இடறும். ஆல்பம் முடிந்ததும் ஆப் தானாக வேறொன்றைப் போடும் ஆட்டோபிளேயும் வேண்டாம். 43 நிமிடம் கேட்டு முடித்த கையோடு சம்பந்தமில்லாத பாட்டு ஒன்று வந்தால் எல்லாம் கலைந்துவிடும்.

அடுத்தது, எந்தப் பதிப்பைப் போடுகிறீர்கள் என்று பாருங்கள். பழைய ஆல்பங்களின் புதிய பதிப்புகளில் கடைசியில் ஒத்திகைப் பதிவு, மேடைப் பதிவு, மாற்று வடிவம் என்று ஐந்தாறு சேர்த்திருப்பார்கள். முதல் தடவை கேட்கும்போது அதெல்லாம் பாரம். டிஸ்காக்ஸ் தளத்தில் அந்த ஆல்பத்தின் பக்கத்தைத் திறந்தால், முதலில் வந்த இசைத்தட்டில் என்னென்ன பாட்டுகள், எந்தப் பக்கத்தில் எது என்று இருக்கும். அதுவரை கேட்டு நிறுத்துங்கள். பக்கம் பிரித்திருப்பதையும் கவனியுங்கள். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 20 முதல் 25 நிமிடம்தான் அடங்கும். 'எக்கோஸ்', 'சப்பர்ஸ் ரெடி', 'டார்கஸ்' போன்ற நீண்ட படைப்புகள் 20, 23 நிமிடத்தில் முடிவதற்கு அதுதான் காரணம். ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபக்கத்தைத் தொடங்கலாம். அன்று கேட்டவர்களுக்கும் அந்த இடைவெளி இருந்தது.

ஹெட்போன் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் பேஸ் கிடார் தெளிவாகக் கேட்க வேண்டும். போனின் சொந்த ஸ்பீக்கரில் யெஸ் கேட்டால் அதன் பேஸ் கலைஞர் கிறிஸ் ஸ்குவயர் வாசிப்பதில் பாதி காணாமல் போய்விடும்.

இரண்டாம் படி: நுழையும் வாசலைத் தேர்ந்தெடுங்கள்

எல்லோருக்கும் ஒரே தொடக்க ஆல்பம் என்று கிடையாது. நீங்கள் ஏற்கெனவே எதைக் கேட்டுப் பழகியவர் என்பதைப் பொறுத்தது.

மெல்லிசையும் சூழலும் பிடிக்கும் என்றால் பிங்க் ஃபிளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்' (1975). அவசரமே இல்லாத ஆல்பம். அதற்கு அடுத்து கேமலின் 'மிராஜ்' (1974). ஆண்ட்ரூ லாட்டிமரின் கிடார் பாடுவதைப் போல இருக்கும்.

கதை சொல்லும் பாட்டு, நாடகத்தன்மை, விதவிதமான குரல்கள் பிடித்தால் ஜெனிசிஸ். 'செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்' (1973) நல்ல வாசல். பீட்டர் கேப்ரியல் பாடிய காலத்து ஜெனிசிஸ் வேறு, 80களில் வானொலிகளில் ஓடிய ஜெனிசிஸ் வேறு. ஆப்பில் 'பிரபலமானவை' என்று மேலே காட்டும் பாட்டுகள் எல்லாம் இரண்டாவது ஜெனிசிஸ்தான். அதைக் கேட்டுவிட்டுக் குழம்ப வேண்டாம்.

மெட்டல் கேட்டு வளர்ந்தவர்கள் ரஷ் குழுவின் '2112' (1976), அல்லது நேராக டிரீம் தியேட்டரின் 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' (1992), அல்லது ஓப்பத்தின் 'பிளாக்வாட்டர் பார்க்' (2001). அங்கிருந்து பின்னோக்கி நடந்து 70களுக்கு வரலாம்.

ஜாஸ் காதுக்காரர்களுக்கு கேரவனின் 'இன் தி லேண்ட் ஆஃப் கிரே அண்ட் பிங்க்' (1971).

வாத்திய வித்தை, வேகம், கட்டமைப்பு இவற்றில் ஆர்வமுள்ளவர்கள் யெஸ்ஸின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' (1972) எடுக்கலாம். மொத்தமே மூன்று பாட்டு. தலைப்புப் பாட்டு 18 நிமிடத்துக்கு மேல். நான் மேலே சொன்ன பறவைச் சத்தம் இதன் தொடக்கம்தான். அது முடிந்ததும் குழு முழுவதும் ஒரே நேரத்தில் பாய்ந்து வரும். முதல் தடவை குழப்பமாக இருக்கும். இருக்கட்டும்.

இவற்றில் ஒன்றே ஒன்றை எடுத்து ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் முழுதாக. பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாசல். 'இது தலைசிறந்தது என்கிறார்களே, நமக்கு ஏன் பிடிக்கவில்லை' என்ற கவலை தேவையே இல்லை. எமர்சன் லேக் அண்ட் பாமரை உயிராக நினைப்பவர்களும் உண்டு, ஐந்து நிமிடம் தாங்காதவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் நல்ல ரசிகர்கள்தான்.

மூன்றாம் படி: எதைக் கேட்பது என்று தெரிந்து கேளுங்கள்

இந்த இசையில் பாதிச் சுவை எண்ணிக்கையில் இருக்கிறது. ராக் பாட்டு என்றால் நான்கு நான்காக எண்ணலாம். இவர்கள் அதை வேண்டுமென்றே உடைப்பார்கள். நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. கர்நாடக இசையின் தாளச் சொற்கட்டு தெரிந்தவர்கள் வாயாலேயே எண்ணிவிடலாம்.

பிங்க் ஃபிளாய்டின் 'மணி' பாட்டைப் போடுங்கள். காசுச் சத்தம் முடிந்து பேஸ் வரும்போது 'தகதிமி தகிட' என்று ஏழு சொல்லிப் பாருங்கள், அச்சாக உட்காரும். சாக்சஃபோன் தனி வாசிப்பும் அதே ஏழில்தான் போகும். அப்புறம் கிடார் வரும் இடத்தில் உங்கள் எண்ணிக்கை தவறும். நீங்கள் தவறவில்லை, பாட்டு அங்கே நான்குக்கு மாறிவிட்டது. கிடார் ஓய்ந்து பாட்டு மறுபடி ஏழுக்குத் திரும்பும் இடத்தை நீங்களாகவே பிடித்துவிட்டால், பாதி தூரம் வந்துவிட்டீர்கள்.

கொஞ்சம் கடினமானது ஜெனிசிஸின் 'சப்பர்ஸ் ரெடி'. ஏழு பகுதிகள் கொண்ட, 23 நிமிடத்தைத் தொடும் படைப்பு. அதன் ஆறாவது பகுதியில் டிரம்ஸும் பேஸும் கிடாரும் மூன்று, இரண்டு, நான்கு என்று ஒன்பது எண்ணிக்கையை விடாமல் போட்டுக்கொண்டே இருக்கும்: 'தகிட தக தகதிமி'. அதற்கு மேலே டோனி பேங்க்ஸின் கீபோர்டு அந்த ஒன்பதைக் கண்டுகொள்ளாமல் தன் போக்கில் அலையும். இரண்டும் பிரிந்து பிரிந்து கடைசியில் ஒன்றுசேர்ந்து, தொடக்கத்தில் கேட்ட மெட்டு பெரிதாகத் திரும்பி வரும். முதல் பகுதியைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கு அந்தத் திரும்புதல் வெறும் சத்தம். இதற்காகத்தான் முழுதாகக் கேளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் அருகில் வைத்துப் பார்க்கலாம். கிங் கிரிம்சனின் 'ரெட்' (1974) ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'ஸ்டார்லெஸ்', 12 நிமிடம். மெல்லோட்ரான் என்ற கீபோர்டின் பின்னணியில் சோகமான மெட்டுடன் தொடங்குகிறது. ஜான் வெட்டன் பாடி முடிக்கிறார். நான்கு நிமிடம் கடந்ததும் எல்லாம் அடங்கி, பேஸில் 13 எண்ணிக்கை கொண்ட ஒரு சின்ன வரி. அதன்மேல் ராபர்ட் ஃபிரிப் கிடாரில் ஒரே ஒரு ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டுகிறார். கொஞ்ச நேரம் கழித்து அது ஒரு படி ஏறும். மறுபடி அதையே மீட்டல். மறுபடி ஒரு படி. நிமிடக்கணக்கில் இதுதான் நடக்கிறது, வேறொன்றும் இல்லை. ஆனால் டிரம்ஸ் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கும், பேஸ் கரகரக்கும், இனி தாங்காது என்று தோன்றும்போது உடைந்து வேகமெடுக்கும். கடைசியில் தொடக்க மெட்டு, இம்முறை சாக்சஃபோனில், முழுக் குழுவின் பலத்தோடு. நடுவில் போரடிக்கிறது என்று இரண்டு நிமிடம் முன்னால் தள்ளிவிட்டால் அந்த முடிவுக்கு அர்த்தமே கிடையாது.

மெல்லோட்ரான் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தக் கருவியை அடையாளம் கண்டுகொண்டால் பாதி ஆல்பங்கள் பழகிய இடம்போல ஆகிவிடும். பார்க்கக் கீபோர்டு மாதிரி. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு துண்டு ஒலிநாடா. வயலின் குழு, புல்லாங்குழல், பாடகர் குழு என்று நிஜ வாத்தியங்களைப் பதிவுசெய்து வைத்திருப்பார்கள். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். சுமார் 8 வினாடியில் நாடா தீர்ந்துவிடும், விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும். கொஞ்சம் நடுங்கும், கொஞ்சம் மங்கலான அந்த வயலின் ஒலியை ஒரு தடவை பிடித்துக்கொண்டால் பிறகு எங்கே கேட்டாலும் தெரியும்.

நான்காம் படி: தளங்களை அதனதன் வேலைக்குப் பயன்படுத்துங்கள்

பெரிய தளங்கள் மூன்று. மூன்றும் வேறு வேறு வேலைக்கு.

2004-இல் தொடங்கிய ப்ராக் ஆர்கைவ்ஸ் இந்த இசைக்கென்றே இருக்கும் தளம். குழுவின் வரலாறு, ஆல்பங்கள், ரசிகர்கள் ஐந்து நட்சத்திரத்துக்குப் போடும் மதிப்பெண், விமர்சனம் எல்லாம் ஒரே இடத்தில். குழுக்களை உட்பிரிவுகளாகப் பிரித்திருப்பதுதான் இதன் பெரிய பயன். யெஸ்ஸும் ஜெனிசிஸும் சிம்ஃபானிக் பிரிவில். கிங் கிரிம்சன், வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர், ஜென்டில் ஜயன்ட் எல்லாம் எக்லெக்டிக் பிரிவில். ஜெத்ரோ டல் ஃபோக் பிரிவில். ரஷ் ஹெவி பிரிவில். இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். பிடித்த குழு எந்தப் பிரிவில் இருக்கிறது என்று பாருங்கள், அதே பிரிவில் வேறு நாட்டுக் குழு ஒன்றை எடுத்துக் கேளுங்கள், போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தத் தளத்தின் மொத்தத் தரவரிசையை மேலிருந்து கீழாகக் கேட்டுக்கொண்டு போகாதீர்கள். மேலே இருப்பவற்றில் பெரும்பகுதி 1971 முதல் 1975 வரை வந்த ஆங்கில ஆல்பங்கள். நல்லவைதான், சந்தேகமில்லை. ஆனால் வரிசையாக இருபது கேட்டால் எல்லாம் கலந்து ஒன்றாகிவிடும். தரவரிசையை நாடு, ஆண்டு, உட்பிரிவு என்று வடிகட்டிப் பார்த்தால்தான் அது உதவும். விமர்சனம் படிப்பதிலும் ஒரு வழி இருக்கிறது: ஐந்து நட்சத்திரம் போட்டவர்களை விட்டுவிட்டு, மூன்று நட்சத்திரம் போட்டவர்களைப் படியுங்கள். எது நன்றாக இருக்கிறது, எது இழுக்கிறது என்று அவர்கள்தான் பாட்டு பாட்டாகச் சொல்வார்கள்.

ரேட் யுவர் மியூசிக், 2000-இல் தொடங்கியது, எல்லா இசைக்குமான தளம். ப்ராக் ரசிகர் அல்லாதவர்களும் அங்கே மதிப்பெண் போடுவதால் பார்வை கொஞ்சம் வேறுபடும். ஒரே ஆல்பத்தை இரண்டு தளங்களிலும் பார்த்தால், அது ப்ராக் வட்டத்துக்குள் மட்டும் கொண்டாடப்படுகிறதா, வெளியேயும் மதிக்கப்படுகிறதா என்று தெரிந்துவிடும்.

டிஸ்காக்ஸ் மூன்றாவது. இசைத்தட்டு சேகரிப்பவர்களுக்கான தளம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இந்த மூன்றில் அதிகம் பயன்படுவது அதுதான். ஏன் என்று அடுத்த படியில்.

தேடும்போது ஒரு தொல்லை உண்டு. இந்தக் குழுக்கள் பெயர் வைத்த நேரத்தில் தேடுபொறி கிடையாது. யெஸ், கேமல், கேன், ரஷ், யூகே, ஏரியா என்றெல்லாம் வெறுமனே தேடினால் உலகத்தில் உள்ள எல்லாம் வரும், குழு மட்டும் வராது. ஆல்பத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள். இத்தாலி, பிரான்ஸ் குழுக்களை அந்த மொழி எழுத்துக்கூட்டலோடு தேடுங்கள்.

ஐந்தாம் படி: ஆளைப் பிடித்துக்கொண்டு போங்கள்

ப்ராக் குழுக்களில் ஆட்கள் ஓரிடத்தில் நிற்க மாட்டார்கள். இங்கே விலகி அங்கே சேருவார்கள், இரண்டு ஆண்டு கழித்து வேறிடம். ஆப்பின் 'இதுவும் உங்களுக்குப் பிடிக்கலாம்' பரிந்துரையைவிட, இந்த நடமாட்டத்தைப் பின்தொடர்வது நூறு மடங்கு நல்லது. ஒரு டிரம்மரை எடுத்துக்கொண்டு செய்தே காட்டுகிறேன்.

பில் புரூஃபர்ட். 'க்ளோஸ் டு தி எட்ஜ்' கேட்டபோது, டிரம்ஸில் ஸ்நேர் என்ற சின்ன டிரம் மட்டும் பளிச்சென்று தனியாகத் தெறிப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது இவர். டிஸ்காக்ஸில் அந்த ஆல்பத்தின் பக்கத்துக்குப் போய் இவர் பெயரை அழுத்துங்கள். வாசித்த எல்லாம் வரிசையாக வரும்.

அந்த ஆல்பத்தைப் பதிவுசெய்து முடித்ததும், யெஸ் புகழின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், 1972-இல் விலகி கிங் கிரிம்சனுக்குப் போனார். மேலே சொன்ன 'ஸ்டார்லெஸ்' பாட்டில் டிரம்ஸ் இவர்தான். இரண்டு ஆல்பங்களையும் அடுத்தடுத்து கேளுங்கள், ஒரே கை எப்படி வேறு மாதிரிப் பேசுகிறது என்று தெரியும். 1976-இல் ஜெனிசிஸ் மேடைச் சுற்றுப்பயணத்தில் வாசித்தார்; கேப்ரியல் விலகிய பிறகு ஃபில் காலின்ஸ் முன்னால் நின்று பாட வேண்டியிருந்ததால் டிரம்ஸுக்கு ஆள் தேவைப்பட்டது. 1978-இல் ஜான் வெட்டனோடு சேர்ந்து யூகே என்ற குழுவின் முதல் ஆல்பம். அதில் கிடார் ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த்.

இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஹோல்ட்ஸ்வொர்த்தைப் பிடித்துப் போனால் சாஃப்ட் மெஷினின் 'பண்டில்ஸ்' (1975) வரும், அங்கிருந்து ஜாஸ் ராக் உலகம் திறக்கும். புரூஃபர்ட்டின் சொந்தக் குழுவைப் பிடித்தால் அதில் கீபோர்டு டேவ் ஸ்டூவர்ட். கவனம், அதே பெயரில் யூரித்மிக்ஸ் குழுவில் இருந்தவர் வேறொருவர். டிஸ்காக்ஸில் ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்துக்காட்ட பெயருக்குப் பின்னால் ஒரு எண் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். நம் டேவ் ஸ்டூவர்ட் அதற்கு முன் ஹாட்ஃபீல்ட் அண்ட் தி நார்த் என்ற குழுவில் இருந்தார். அவர்களுடைய 'தி ராட்டர்ஸ் கிளப்' (1975) நகைச்சுவையும் சிக்கலான இசையும் ஒன்றாகக் கலந்த அபூர்வமான ஆல்பம். அதில் பேஸ் வாசித்துப் பாடியவர் ரிச்சர்ட் சின்க்ளேர். அவர் அதற்கு முன்பு கேரவனில் இருந்தவர். இரண்டாம் படியில் ஜாஸ் காதுக்காரர்களுக்குச் சொன்ன ஆல்பத்துக்கே வந்துவிட்டோம்.

ஒரு டிரம்மரில் தொடங்கி, யெஸ்ஸிலிருந்து கான்டர்பரி என்று அழைக்கப்படும் ஒரு தனிக் கிளைக்கே போய்ச் சேர முடிகிறது. எந்த பிளேலிஸ்ட்டும் இப்படிக் கூட்டிக்கொண்டு போகாது. இதே வேலையை மெல்லோட்ரான் வாசித்தவர்களை வைத்தும் செய்யலாம், அட்டைப்பட ஓவியர்களை வைத்தும் செய்யலாம். யெஸ்ஸுக்கு மிதக்கும் தீவுகள் வரைந்த ரோஜர் டீன் வேறு யார் யாருக்கு அட்டை வரைந்தார் என்று பார்த்துக் கேட்கத் தொடங்கியவர்கள் உண்டு. வழி விளையாட்டாகத் தெரியும், பலன் மோசமில்லை.

ஆறாம் படி: இங்கிலாந்தைத் தாண்டுங்கள்

இத்தாலியைத் தவறவிடவே கூடாது. இங்கிலாந்தில் பெரிதாக விற்காத வான் டெர் கிராஃப் ஜெனரேட்டரின் 'பான் ஹார்ட்ஸ்' இத்தாலியில் முதலிடத்துக்குப் போனது. அப்படிப்பட்ட ரசிகர்கள் உள்ள ஊரில் சொந்தக் குழுக்கள் முளைக்காமல் இருக்குமா? பிரேமியாட்டா ஃபோர்னேரியா மார்க்கோனி, சுருக்கமாக பிஎஃப்எம், 1972-இல் மட்டும் இரண்டு ஆல்பங்கள் கொண்டுவந்தது. இரண்டாவதான 'பெர் உன் அமிக்கோ'வில் இருந்து தொடங்குங்கள். அடுத்த ஆண்டு அவர்கள் ஆங்கிலத்தில் ஒரு ஆல்பம் கொண்டுவந்தார்கள்; வரிகள் கிங் கிரிம்சனுக்கு எழுதிய பீட் சின்ஃபீல்ட். இரண்டையும் கேட்டால் இத்தாலிய மொழிப் பதிவே பொருந்தி நிற்பது தெரியும். மொழி புரியாதது தடையாக இருப்பதில்லை. பான்கோ, லே ஓர்மே அதற்குப் பிறகு.

பிரான்சின் மாக்மா தனி ரகம். அதன் டிரம்மர் கிறிஸ்டியன் வாண்டர் பாடுவதற்கென்றே ஒரு மொழியைப் படைத்தார். உலகில் யாருக்கும் தாய்மொழி இல்லாத மொழியில் பாடகர் குழு உச்சாடனம்போல் முழங்கும் 1973 ஆல்பம் ஒன்று இருக்கிறது. யூடியூபில் அவர்களுடைய மேடைப் பதிவுகளை முதலில் பார்த்துவிட்டு அதற்குப் போவது நல்லது. கண்ணால் பார்த்தால் காது சீக்கிரம் பழகும். பொதுவாகவே கடினமான குழுக்களுக்கு இந்த உத்தி பலிக்கும். கிங் கிரிம்சன் 1972-இல் ஜெர்மன் தொலைக்காட்சியின் பீட் கிளப் நிகழ்ச்சியில் வாசித்த பதிவில், தாளவாத்தியக்காரர் ஜேமி முயர் என்னென்ன பொருளை எடுத்து அடிக்கிறார் என்று பார்த்தாலே அந்த இசை பாதி புரிந்துவிடும்.

ஸ்வீடன் 90களில் எழுந்தது. ஆங்லாகார்டின் 'ஹிப்ரிஸ்' (1992), அனெக்டோட்டனின் 'வேமோட்' (1993) இரண்டிலும் மெல்லோட்ரான் கொட்டிக் கிடக்கும். 1973-இல் வந்தது என்று சொன்னால் நம்பிவிடலாம்.

ஏழாம் படி: இன்றைய குழுக்களும் காசும்

ப்ராக் 1977-இல் பங்க் ராக் வந்ததோடு செத்துப்போனது என்று ஒரு கதை சொல்வார்கள். பெரிய நிறுவனங்களின் ஆதரவு போனது உண்மை. ஆனால் 1983-இல் மரில்லியன் முதல் ஆல்பத்தோடு வந்தது, ஐக்யூ, பெண்ட்ராகன் என்று ஒரு புது வரிசையே எழுந்தது. மரில்லியனுக்கும் இணையத்துக்கும் ஒரு தனி உறவு இருக்கிறது. 1997-இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குப் பணமில்லை என்று தெரிந்ததும், ரசிகர்கள் இணையம் வழியாக ஒருவருக்கொருவர் பேசி 60,000 டாலர் திரட்டினார்கள். 2001-இல் வந்த ஆல்பத்துக்கு, அது பதிவாகும் முன்பே 12,000 பேருக்கு மேல் முன்பணம் கட்டினார்கள். இன்று கூட்டுநிதி என்று சகஜமாகச் சொல்கிறோம், அப்போது அது புதிது.

2000-க்குப் பிறகு என்றால் போர்க்குபைன் ட்ரீயின் 'இன் அப்சென்ஷியா' (2002), அங்கிருந்து அதன் தலைவர் ஸ்டீவன் வில்சனின் தனி ஆல்பங்கள். நார்வேயின் வாப்ளர், இங்கிலாந்தின் பிக் பிக் டிரெயின் இரண்டும் பழைய மணம் விரும்புகிறவர்களுக்கு.

சின்னக் குழுக்களைத் தேட பேண்ட்கேம்ப் போல இன்னொரு இடம் இல்லை. ஆல்பத்தைப் பெரும்பாலும் முழுதாகக் கேட்டுவிட்டு வாங்கலாம். அங்கே ஒரு நல்ல குறுக்குவழி உண்டு. ஆல்பத்தின் பக்கத்தில், அதை வாங்கியவர்களின் சின்னச் சின்னப் படங்கள் இருக்கும். ஒன்றை அழுத்தினால் அவர் வாங்கிய எல்லா ஆல்பங்களும் தெரியும். உங்களுக்குப் பிடித்த இரண்டு மூன்று ஆல்பங்களை ஏற்கெனவே வாங்கியிருக்கும் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால், அவர் சேகரிப்பே உங்களுக்குப் பல மாதத்துக்குக் காணும். மதிப்பெண் போடுவது சும்மா, காசு கொடுத்து வாங்குவது சும்மா இல்லை. அதனால் இந்தப் பட்டியலை நம்பலாம்.

முடிந்தால் நீங்களும் வாங்குங்கள். இந்த மாதிரிக் குழுக்களுக்கு ஸ்ட்ரீமிங்கில் வருவது சொற்பம், வாங்கப்படும் ஒரு ஆல்பம் கணக்கில் நிற்கும். எல்லாமே ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். கிங் கிரிம்சனே 2019-இல்தான் பெரிய ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு முழுமையாக வந்தது.

எட்டாம் படி: ரீமாஸ்டரா, ரீமிக்ஸா?

இது கொஞ்சம் பழகிய பிறகு வரும் கேள்வி. ஒரே ஆல்பம் நாலு வடிவத்தில் இருக்கும், எதைப் போடுவது?

ரீமாஸ்டர் என்றால் முடிந்த கலவையை எடுத்து ஒலியைத் துலக்குவது. ரீமிக்ஸ் என்றால் பழைய பதிவு நாடாக்களுக்கே போய், டிரம்ஸ் தனி, குரல் தனி என்று பிரித்து மறுபடி கலப்பது. ரீமிக்ஸில் முன்பு கேட்காத கீபோர்டு வரி திடீரென்று கேட்கும். ஸ்டீவன் வில்சன் 2009 முதல் கிங் கிரிம்சனில் தொடங்கி ஜெத்ரோ டல், யெஸ், ஜென்டில் ஜயன்ட் என்று பலருக்கு ரீமிக்ஸ் செய்திருக்கிறார். பொதுவாக அவை மூலத்தை மதித்து, காற்றோட்டமாக இருக்கும். சில ரீமாஸ்டர்களில் சத்தத்தை மட்டும் ஏற்றி, மெதுவான இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் வித்தியாசமே இல்லாமல் நசுக்கியிருப்பார்கள். 'ஸ்டார்லெஸ்' போன்ற பாட்டு அதில் செத்துவிடும். சோதிக்க எளிய வழி: மெதுவாகத் தொடங்கி உச்சத்துக்குப் போகும் ஒரு பாட்டை இரண்டு பதிப்பிலும் போட்டு, மெதுவான இடம் ஒரே அளவில் கேட்கும்படி ஒலியை வைத்துக்கொள்ளுங்கள். உச்சம் எதில் உடம்பில் உறைக்கிறதோ அந்தப் பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை கேட்கிற ஆல்பத்துக்கு இந்த ஆராய்ச்சி வேண்டாம். எது முதலில் கிடைக்கிறதோ அதைப் போட்டுக் கேளுங்கள்.